மிளகு அழாமல் இருக்கட்டும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நானும் அவரும் சுகம். நீயும் உன் இருமலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் உனக்குப் பாதிதான் சொன்னேன். பெண் குழந்தை, இரண்டே கால் கிலோ, தலை நிறைய முடி, எல்லாம் உண்மை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. உன் தொழிற்சாலை கேட்டில் போனுக்குப் பத்துப் பேர் காத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் முன்னால் நீ அழ வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாதம் இரண்டும் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது அண்ணா. உள்ளங்கால்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. உனக்காவது ஒரு கால். இவளுக்கு இரண்டும். நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியதும் என் வாயில் வந்த முதல் வார்த்தை, "எங்க அண்ணன் கால்!" அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

காலைத் தவிர எல்லாம் அழகு. முதுகு முடிகிற இடத்தில், கட்டைவிரலால் அழுத்தின மாதிரி ஒரு சின்னக் குழி. அதைச் சுற்றிக் கொஞ்சம் பூனைமுடி. குளிப்பாட்டும்போது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். அவர் அதைத் தொட்டுத் தொட்டுச் சிரிக்கிறார். ஆள் குட்டியாக, கறுப்பாக, உருண்டையாக இருப்பதால் மிளகு என்று கூப்பிடுகிறோம். நல்ல பேர் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆபீசில் ஆறு மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள். பிளான் வரைகிற கை சும்மா இருக்குமா? டிரேசிங் பேப்பரில் அவள் பாதத்தை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். தரையில் பதியாத பாதத்தை எப்படி வரைவது என்று தெரியாமல் பக்கவாட்டில் பிடித்து வரைந்தேன். பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கெல்லாம் கோடு போட்ட கை, ஏழு சென்டிமீட்டருக்கு நாலு தாளைக் கிழித்துப் போட்டது.

சின்ன வயதில் உன்னைக் கொக்கு, கொக்கு என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவேனே. அதற்கா அண்ணா இது? உடனே எழுது.

உன் வாலு


ஜனவரி 24

செல்ல வாலுவுக்கு,

கொக்கு எழுதுவது. இருமல் சுகம், அதன் தயவில் நானும் சுகம். நீ, மாப்பிள்ளை, புது மகாராணி மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் நம் கணக்கு வாத்தியார் என்றைக்கோ கல்லாகப் போயிருப்பார். பைத்தியம் மாதிரி பேசாதே. கடிதத்தைப் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்பது நிஜம். பிறகு முகம் கழுவிக்கொண்டு உன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஷூ கம்பெனியில் பாட்டர்ன் வெட்டுகிறேன். ஊரில் எல்லோரும் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வார்கள். நான் காலைப் பார்த்துச் சொல்வேன். இது என் கால் வாலு. அச்சு அசல். நம் வீட்டில் எனக்குத் துணைக்கு ஓர் ஆள் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு என்ன குறைந்துபோயிற்று? பஸ்ஸைத் துரத்திப் பிடிக்க மாட்டேன். அடுத்த பஸ் வரும். இப்போதெல்லாம் வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டே நேராக்கிவிடுகிறார்களாம். என் காலத்தில் அது இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். டாக்டர்கள் காலோடு நிற்க மாட்டார்கள். என்னை ஆறு மாதம் படுக்கப் போட்டு, தலையிலிருந்து கால் வரை குத்திப் பார்த்து, தண்டுவடத்தில் ஊசி போட்டு நீர் எடுத்து, கடைசியில் 'கால் மட்டும்தான்' என்று கையை விரித்தார்கள். அம்மா அந்த ஆறு மாதத்தில் பாதியாகிப் போனாள். நீ அப்படி ஆகிவிடாதே. இது நம் குடும்பத்துக் கால் என்று சொல். முழங்காலுக்கு மேலே எதையும் தொட விடாதே.

இடுப்பில் குழியா? பிரம்மா பொத்தான் தைக்க இடம் விட்டிருப்பான், பிறகு மறந்திருப்பான். கவலை வேண்டாம்.

போனில் வேண்டாம், எழுதியே சொல். போனில் நீ அழுவதும் நான் மூக்கை உறிஞ்சுவதும்தான் கேட்கிறது, விஷயம் கேட்பதில்லை.

மிளகு அழாமல் இருக்கட்டும்.

அன்பு அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

புதன்கிழமை தோறும் கட்டு. டாக்டர் பெரிய மீசைக்காரர், பேசவே மாட்டார். அவர் பேர் வாயில் நுழையாததால் நாங்கள் கட்டு டாக்டர் என்கிறோம். ஒரு நீள அறை, பத்துப் பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு குழந்தை. சுவரெல்லாம் வெள்ளைப் பொடி. மற்றக் குழந்தைகள் கூரை பறக்கிற மாதிரி கத்துகின்றன. நம் மிளகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். காலை முறுக்கிப் பிடித்துத் தொடை வரைக்கும் கட்டுகிறார்கள், ஒரு சிணுங்கல் கிடையாது. "இந்தப் பாப்பாதாம்மா எங்களுக்கு ரெஸ்ட்டு" என்கிறாள் நர்ஸ். ஆனால் பசி வந்தால் பார்க்க வேண்டும், தெருமுனை வரை கேட்கும்!

கட்டு டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் கடிதத்தையும் காட்டினேன். இரண்டு முறை படித்தார். தாய்மாமனுக்கும் உண்டு என்று ஃபைலில் எழுதிக்கொண்டார். நான் ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

இருமலுக்கு மருந்து சாப்பிடு. சிகரெட்டை விட்டேன் என்று பொய் எழுதாதே, உன் கடிதத்தில் வாசம் வருகிறது.

உன் வாலு


மார்ச் 3

செல்ல வாலுவுக்கு,

எல்லோரும் நலந்தானே? உன் மூக்கைப் போலீஸில் சேர்க்கலாம். பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

அழவில்லையா! நான் அழுத அழுகையில் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் உட்காருவாளாம். அப்பா வீட்டை விட்டே ஓடிவிடுவாராம். காலில் என்னைக் கொண்டவள் குணத்தில் யாரைக் கொண்டாளோ? நிச்சயம் உன்னை இல்லை. கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். என் மருமகளை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். லீவுதான் கிடைக்கவில்லை.

மிளகு இப்படியே அழாமல் இருக்கட்டும்.

அன்பு அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா?

நல்ல செய்தி. எட்டுக் கட்டு ஆயிற்று. மற்றவர்களுக்கு ஐந்து ஆறிலேயே முடிந்துவிட்டது, இவளுக்குத்தான் கால் கொஞ்சம் பிடிவாதம். போன மாதம் குதிகால் நரம்பைக் கத்தியால் லேசாக நறுக்கி விட்டார்கள். நரம்பு என்றால் நரம்பு இல்லையாம், தசைநார் என்று கட்டு டாக்டர் திருத்தினார். அவர் பேசியது அது ஒன்றுதான்.

இப்போது பார் அண்ணா! பாதம் தரையில் பதிகிறது. முதல் முறையாக உள்ளங்காலை வைத்து வரைந்திருக்கிறேன். வலது கால் இடதைவிட மூன்று மில்லிமீட்டர் குறைவு. அதன் விரல்கள் மட்டும் எப்போதும் தூங்குமூஞ்சியாக மடங்கிக் கிடக்கின்றன. பிரித்து வைத்து வரைந்தேன்.

இனி இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் பூட்டி, பகலும் இரவும் போட்டு வைக்க வேண்டும். கழற்றினால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளுமாம். இங்கே கொடுத்த ஷூ மரக்கட்டை மாதிரி இருக்கிறது, அளவும் பெரிது. தாய்மாமன் ஷூக்காரனாக இருக்கும்போது என் பெண் ஏன் மரக்கட்டையைப் போட வேண்டும்? கம்பியில் திருகுகிற ஓட்டையின் அளவையும் வரைந்திருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. துணி எந்நேரமும் ஈரம். மற்றக் குழந்தைகள் மாதிரி ஒரேயடியாக இல்லை, சொட்டுச் சொட்டாக. லிஃப்ட் மெக்கானிக்கான உன் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "இதுக்கு வாஷர் மாத்தணும்" என்கிறார். இவருக்கு எதைப் பார்த்தாலும் வாஷர்தான்.

உன் வாலு


ஏப்ரல் 27

செல்ல வாலுவுக்கு,

சுகமாக இருக்கிறேன், உங்கள் மூவரின் சுகமும் வேண்டும்.

பார்சல் வந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் நானே வெட்டி, நானே தைத்தது. மேலே கன்றுத்தோல், உள்ளே ஆட்டுத்தோல். உன் கோட்டின் மேல் கத்தியை வைத்தேன், ஒரு மயிரிழை விலகவில்லை. வலதுக்கு மூன்று மில்லிமீட்டர் குறைத்திருக்கிறேன். சூப்பர்வைசர் எடுத்துப் பார்த்துவிட்டு, "யாருக்குய்யா இது, ராஜா வீட்டுப் புள்ளைக்கா?" என்றார். அதற்கும் மேலே என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் ஜோடி வெட்டியிருப்பேன்! யார் போட்டார்கள் என்று தெரியாது. இது ஒன்றுதான் யாருக்கு என்று தெரிந்து செய்தது. கொஞ்சம் கடித்தால் அழுவாள், உடனே எழுது, திருத்தி அனுப்புகிறேன்.

ஆனாலும் மிளகு அழாமல் இருக்கட்டும்.

அன்பு அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். ஷூ அழகாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

வலது குதிகாலில் மட்டும் கொஞ்சம் உரசியிருக்கிறது. புண் ஆகிவிட்டது. இரண்டு நாள் எனக்குத் தெரியவில்லை, அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சாக்ஸைக் கழற்றியபோது அதோடு தோல் வந்தது. அப்போதும் சிரித்தாள்.

ஆறிவிடும் என்கிறார்கள். பாதம் கொஞ்சம் பழையபடி திரும்புகிறது. அடுத்த மாதம் ஆபீசுக்குப் போக வேண்டும். இந்த முறை படம் வரையவில்லை.

வாலு


ஜூலை 2

வாலு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்தவுடன் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ.

எங்கள் கம்பெனிக்கு மாதம் ஒரு முறை ஒரு டாக்டரம்மா வருவார். தலை முழுக்க நரை. கால் சரியில்லாத குழந்தைகளுக்கு அளவு கொடுத்து ஷூ வாங்கிப் போவார். இன்றைக்கு அவரிடம் உன் படங்களைக் காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன் வாலு, உன் கோட்டைப் பாராட்டுவார் என்று. அவர் வலது காலையே பார்த்தார்.

"கட்டு போடும்போது குழந்தை அழுவாளா?"

"அழவே மாட்டா டாக்டர். ரொம்ப சமத்து."

"ஆறு மாசக் குழந்தைக்கு என்ன சமத்து?" என்று கண்ணாடியைக் கழற்றினார். புண்ணைப் பற்றிச் சொன்னேன். உட்காரச் சொன்னார். "பாதம் மடங்கறதுக்கு நெறைய பேருக்குக் காரணமே தெரியாது. கால் மட்டும்தான், நேராக்கினா சரியாப் போகும். சில குழந்தைங்களுக்கு மட்டும் வேர் கால்ல இருக்காது, மேல இருக்கும். முதுகுத்தண்டுல இருந்து வர்ற நரம்பு சரியா வேலை செய்யலைன்னா, வயித்துல இருக்கும்போதே ஒரு பக்கத் தசை இழுக்கும், எதிர்ப்பக்கம் சும்மா கெடக்கும். பாதம் மடங்கிடும். அந்த மாதிரிக் கால் கட்டுக்கு அடங்காது, திரும்பித் திரும்பி வரும். வலியும் தெரியாது."

மூன்று கேள்வி கேட்டார். விரலைத் தானாக அசைக்கிறாளா? சிறுநீர் எந்நேரமும் சொட்டுகிறதா? முதுகு முடிகிற இடத்தில் குழி, முடி, கட்டி, மச்சம் ஏதாவது உண்டா?

மூன்றுக்கும் பதிலை நீ எனக்கு எழுதியிருக்கிறாய். மூன்றும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. தூங்குமூஞ்சி விரல், வாஷர், பொத்தான் குழி. நான் படித்துச் சிரித்தேன்.

உடனே முதுகுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல். அந்தக் கட்டு டாக்டருக்குக் கண் எங்கே போயிற்று? எட்டு முறை பெஞ்சில் போட்டுக் கட்டினாரே, ஒரு நாள் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லையா? அவரைச் சும்மா விடாதே. மாப்பிள்ளையை அழைத்துப் போய்ச் சண்டை போடு. ஃபைலைக் கேட்டு வாங்கு.

அன்பு அண்ணன்


ஆகஸ்ட் 5

செல்ல வாலுவுக்கு,

நலமா? ஒரு மாதம் ஆயிற்று. மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை, ஒரு முறை எடுத்து வைத்துவிட்டார்கள். அது நீதான், மூச்சு தெரிந்தது.

நல்லதோ கெட்டதோ, ஒரு வரி எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். அதனால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் தங்கை எழுதவில்லை, இனிமேலும் இப்போதைக்கு எழுத மாட்டாள் என்று தோன்றியது. அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

ஜூலை 11 ஸ்கேன் எடுத்தோம். முதுகுத்தண்டில் கீழே எலும்பு இரண்டு மூடாமல் இருக்கிறது. உள்ளே தண்டுவடம் ஒரு கொழுப்புக் கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை உயரம் வளர வளர அது இழுபடுகிறது. லிஃப்டில் கயிறு மேலே ஏற முடியாமல் கீழே மாட்டிக்கொண்டால் எப்படியோ அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். ஆகஸ்ட் 9 ஆபரேஷன். ஐந்து மணி நேரம். ஒட்டியிருந்ததை விடுவித்துவிட்டார்கள். காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. பால் குடிக்கிறாள்.

இனிமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஆபரேஷன், போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். சிறுநீருக்குக் குழாய் விட்டு எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அதற்கு வாஷர் இல்லை மச்சான். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

கட்டு டாக்டர் மேல் நீங்கள் கோபப்பட்டு எழுதியிருந்ததைப் படித்தேன். அவர் மேல் குற்றமில்லை. குழந்தைக்கு ஐந்து வாரத்திலேயே முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். உங்கள் தங்கைதான் உங்கள் கடிதத்தைக் காட்டி, "எங்க அண்ணனையும் இப்படித்தான் பாடாய்ப் படுத்துனாங்க, எம் பொண்ணை விட்டுடுங்க" என்று அழுது, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். டாக்டர் மறுபடியும் இரண்டு முறை சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வற்புறுத்தியிருக்கலாம். படித்த மச்சான், கால் தெரிந்தவர் சொல்கிறார் என்று இருந்துவிட்டேன். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் மேல் வீண்பழி வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 1

வாலு,

நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாப்பிள்ளை எழுதினார். அவரோடு சண்டை போடாதே. அவர் எழுதாமல் இருந்திருந்தால் நான் அந்த மீசைக்காரரைத் திட்டிக்கொண்டே செத்திருப்பேன்.

ஜனவரியில் நான் எழுதியதை நினைத்துப் பார்க்கிறேன். 'முழங்காலுக்கு மேலே எதையும் தொட விடாதே.' ஒரு வரி. எழுத அரை நிமிஷம் ஆகியிருக்குமா? டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன், என் காலும் அவள் காலும் ஒன்றுதானே என்று. இல்லையாம். வெளியே பார்க்க ஒரே மாதிரி வளைவு, வேர் வேறு. எனக்குக் கால் மட்டும். அவளுக்கு அப்படி இல்லை. என்னிடமிருந்து அவளுக்கு எதுவுமே வரவில்லையாம்.

ஓர் உண்மையைச் சொல்கிறேன், திட்டு. அவள் கால் மடங்கியிருக்கிறது என்று படித்தபோது, அழுதேனே, அந்த அழுகைக்கு அடியில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. நாற்பத்தாறு வயதில் என்னை மாதிரி ஓர் ஆள் உலகத்தில் வந்திருக்கிறது என்ற சந்தோஷம். அது என் கால்தான் என்று நான் உனக்குச் சொன்னது ஆறுதலுக்கு மட்டும் இல்லை, ஆசைக்கும்தான். அந்த ஆசையில் உன் கடிதத்திலிருந்த குழியை ஒரு கேலியோடு தாண்டிவிட்டேன். கால் வரைக்கும்தான் படித்தேன்.

அப்புறம், அந்தப் புண். அது என் ஷூ.

பத்து நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். நீ வா என்று சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் வர மாட்டேன்.

இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. எப்போதும் போலவே முடிக்கிறேன். மிளகு அழாமல் இருக்கட்டும்.

அண்ணன்


அக்டோபர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அவர் சுகம். மிளகு தையல் பிரித்து நன்றாக இருக்கிறாள். நீ சாப்பிடுகிறாயா?

அவரோடு நான்கு நாள் பேசவில்லை. பிறகு ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் ஒரு குழந்தைக்குக் குழாய் விட முடியாது என்று தெரிந்தது. பேசிவிட்டேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று நீ நினைப்பாய். அவ்வளவு நல்லவள் இல்லை நான். உன் ஜூலைக் கடிதத்தைப் படித்ததும் வந்தது கோபம். கட்டு டாக்டருக்குக் கண் எங்கே போயிற்று என்று நீ கேட்டிருந்தாய். கைப்பையிலிருந்து உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தேன். நீ போன் செய்தபோது எடுத்ததும் நான்தான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயந்து வைத்துவிட்டேன். கோபம் போக ஒரு மாதம் ஆயிற்று. போன பிறகு, சொன்னால் நீ தாங்க மாட்டாய் என்ற பயம் வந்தது. இரண்டும் உண்மை.

அண்ணா, நீ எழுதியது ஒரு காகிதம். கையெழுத்துப் போட்டது என் கை. அந்தக் குழியில் தினமும் தண்ணீர் நின்றதைப் பார்த்தது என் கண். எனக்கும் இது உன் கால் என்று நம்பத்தான் ஆசை. உன் கால் என்றால் எனக்குப் பயம் இல்லை, அதோடு கூடவே வளர்ந்தேன். வேறு எதுவாக இருந்தாலும் பயம். அதனால் வேறு எதையும் கேட்கக் காதில்லை. முன்பே செய்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கட்டு டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "தெரியாதும்மா. மிஞ்சியும் இருக்கலாம், மிஞ்சாமலும் இருக்கலாம்" என்றார். அதோடு இனி வாழ வேண்டியதுதான்.

போன புதன்கிழமை சோதனை. பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அதே மின்விசிறி. கட்டு டாக்டர் இடது உள்ளங்காலில் ஊசி முனையால் லேசாகத் தொட்டார். மிளகு காலை இழுத்துக்கொண்டு ஒரு கத்து கத்தினாள் பார், பசிக்கு அழுகிற அதே அழுகை! நர்ஸ் ஓடி வந்தாள். உன் மாப்பிள்ளை தான் லிஃப்ட் மெக்கானிக் என்பதை மறந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். கட்டு டாக்டர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு வலது காலில் தொட்டார். மறுபடி தொட்டார். குதிகால், நடுப்பாதம், ஐந்து விரல். அவள் கண்ணீரோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். காலில் தாங்குபட்டை போட்டு நடப்பாள். அந்தக் காலில் கல் குத்தினாலும் சூடு பட்டாலும் அவளுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நான் பார்க்கிறேன், பிறகு அவள் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலுக்குச் செருப்பு நீதான் செய்ய வேண்டும். உள்ளே ஒரு தையல்கூட இல்லாமல், குதிகாலில் இடம் விட்டு. தபாலில் வேண்டாம். படம் வரைந்து அனுப்ப மாட்டேன், கோட்டை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் பார்த்தது போதும். நீயே வந்து அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார். திருப்பிப் போட்டு முதுகையும் பார். வா அண்ணா.

வருவதற்கு முன்னால் எழுதினால் ஒன்று மட்டும் செய். கடைசியில் எப்போதும் எழுதுவாயே, அதை இனி எழுதாதே. வலித்தால் அவள் அழட்டும். இரண்டு காலுக்கும் சேர்த்து இடது கால் ஒன்றாவது அழட்டும்.

உன் வாலு